எனக்காகப் பேச வந்தவர்

எனக்கு எந்த வைத்தியம் பார்ப்பது என்று அந்த வீட்டில் ஆளாளுக்கு ஒரு யோசனை வைத்திருந்தார்கள். யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அது நான்தான் என்று ஏற்கெனவே தீர்ப்பாகியிருந்தது. கோப்பையைத் தூக்கி எறிந்தவள் நான், தலை சீவாமல் நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் நான், மாமியாரை எதிர்த்துப் பேசியவளும் நான். கட்டின பெண்டாட்டியிடம் மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்த மனுஷனுக்கு ஒரு குறையும் இல்லை என்பது அவர்கள் முடிவு. ஆம்பிளை பேசாமல் இருந்தால் ஆள் அழுத்தமானவர் என்பார்கள். பொம்பிளை பேசாமல் இருந்தால் பேய் என்பார்கள்.

நான் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். கண்டியை ஒட்டின மஹய்யாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் புருஷன் அங்கேயே பிறந்தவர், சிங்களப் பையன்களோடு தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர், கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. தமிழும் சிங்களமும் இவருக்கு ஒன்றுதான். எனக்குச் சந்தைக்குப் போய் வருகிற அளவுக்குச் சிங்களம் தெரியும். மீன்காரனோடு சண்டை போட வரும், பஸ்ஸில் இறங்குமிடம் சொல்ல வரும், அழ வராது. ஆபீஸ், ஆஸ்பத்திரி என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயைத் திறப்பதில்லை. கூட வருகிற ஆம்பிளைதான் பேசுவார். என் அம்மாவுக்கு அப்பா பேசினார். மாமியாருக்கு இவர் பேசினார். எனக்கும் இவரே. இதில் ஒரு விபரீதம் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் எங்கள் பிள்ளை ஆஸ்பத்திரியில் இறந்தே பிறந்தது. எனக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. பிள்ளையை இவர் கையில் கொடுத்தாகிவிட்டது, அடக்கமும் ஆகிவிட்டது என்றார்கள். ஆண் பிள்ளை என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்றவள் பார்க்கக் கூடாது என்று மாமியார் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டாராம். நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பின் பால் கட்டி உயிர் போகிற வலி. மாமியார் மல்லிகைப்பூவை வைத்து என் மார்பை இறுக்கிக் கட்டினார். பால் வற்றியது. அதோடு விஷயம் தீர்ந்தது என்பதுபோல வாடின பூவை எடுத்துக் குப்பையில் போட்டார்.

என்னிடம் இரண்டே இரண்டு கேள்விகள் இருந்தன. பிள்ளை எப்படி இருந்தது? எங்கே வைத்தீர்கள்? இதைக் கேட்டால் வீடு முழுவதும் செவிடாகிவிடும். மாமியார் அடுப்படிக்குப் போவார். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார்.

அதற்குப் பிறகுதான் இவர் என்னோடு பேசுவதையே நிறுத்தினார். அடி இல்லை, திட்டு இல்லை, குடியும் இல்லை. நாலு பேரிடம் சொன்னால் இதெல்லாம் ஒரு முறைப்பாடா என்று சிரிப்பார்கள். ஆனால் நான் அடுப்படியில் இவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதே, அடுத்த அறையில் இருக்கிற அம்மாவைக் கூப்பிட்டு, தேத்தண்ணி போடச் சொல்லுங்க என்பார். மாமியாரும் அங்கிருந்தபடியே அதை எனக்குத் திருப்பிச் சொல்லுவார். நானும் போட்டுக் கொடுப்பேன். இப்படி மாதக்கணக்கில் மூன்று பேரும் கூத்தாடினோம். ஒரு நாள் தேத்தண்ணியோடு கோப்பையைச் சுவரில் அடித்தேன். சுக்குநூறாக உடைந்தது. அன்றைக்கும் இவர் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. "கால்ல குத்திறப் போகுது, பாத்து நடக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

அந்தக் கோப்பையோடு என் வைத்தியம் ஆரம்பமானது.

புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து முனியாண்டி கோயிலில் சாமி பார்க்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். மாமியாருக்கு அவர் சொன்னால் வேதவாக்கு. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். போனதும் மாமியார் தனியாக உள்ளே போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பெரியவர் உடுக்கையை அடித்து, கண்ணை உருட்டி, மாமியார் சற்று முன்னால் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். இந்த வீட்டில் ஒரு பிள்ளை தங்கவில்லையாம். இவளுக்கு மனசு ஓரிடத்தில் நிற்பதில்லையாம். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. சாமிக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் சிரித்துவிட்டு எழுந்து வந்திருப்பேன், அடுத்ததை அவர் சொல்லாமல் இருந்திருந்தால்.

"புள்ள ஆத்தாவச் சுத்திக்கிட்டே நிக்கிது. அதக் கட்டிப்புட்டா இவ எந்திரிச்சிருவா."

கட்டுவது என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா? பிள்ளையின் ஆவி என் பக்கம் இனி வராதபடி மந்திரித்து, ஒரு எலுமிச்சம்பழத்தில் இறக்கி, ஆற்றில் விட்டுவிடுவது. என் பிள்ளையை ஒரு தரம் பார்க்க மாட்டேனா என்று நான் கிடந்து சாகிறேன். இவர்கள் அது என்னைப் பார்க்காமல் இருக்க வழி பண்ணுகிறார்கள். பழம் இருந்த தாம்பாளத்தைக் காலால் எத்தினேன். குங்குமமெல்லாம் மாமியாரின் சேலையில் கொட்டியது. பெரியவர் உடுக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தார். இது சாதாரணச் சேட்டை இல்லை, தன்னால் ஆகாது என்று கைவிரித்துவிட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் மாமியார் என்னைக் கரித்துக் கொட்டினார். எனக்கோ பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துபோயிற்று. ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னார்கள், கதிர்காமத்துக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். ஆளாளுக்கு நாட்டாமை. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் ஒருவர் மட்டும், ஓதின தண்ணீர் கொஞ்சம் போத்தலில் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த யோசனையும் சொல்லவில்லை. "ஆம்பிளப் புள்ளயா, மகள்?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அந்தத் தெருவில் என் பிள்ளையைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். மாமியார் உள்ளே இருந்து அவசரமாக வந்து, அவள் தூங்கட்டும் என்று அவரை எழுப்பி அனுப்பிவிட்டார். அந்தத் தண்ணீரை நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அடுத்தது டொக்டர். இவருடைய கடை முதலாளி சொன்னார் என்று டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மனநோய்க்குப் பார்க்கிறவரைச் சனல் பண்ணி நம்பர் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், தமிழ் பேசுவார் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை எழுந்தது. நடுவில் ஆள் வேண்டாம், நானே சொல்லலாம். வெளியே காத்திருந்த நேரமெல்லாம் என்ன சொல்லுவது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே டொக்டருக்கு எதிரே ஒரு கதிரையும் சுவரோரம் ஒரு நீட்டு வாங்குப் பலகையும் இருந்தன. எதிரே இருந்த கதிரையில் மாமியார் உட்கார்ந்துகொண்டார். நான் வாங்கில்.

டொக்டர் நிமிர்ந்து பார்க்காமலே, "நித்திரை வருதோ?" என்றார். இல்லை என்று மாமியார் சொன்னார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். அதற்கும் மாமியார் சொன்னார். கோபத்தைப் பற்றிக் கேட்டபோது மாமியார் மூச்சு விடாமல் சொன்னார். நான் குறுக்கே விழுந்து, டொக்டர், என் பிள்ளை, என்று ஆரம்பித்தேன். "ஓம், ஓம், எனக்கு விளங்குது. குளிசை தாறன். கொஞ்ச நாளைக்குப் போடுங்கோ, எல்லாம் சரிவரும்" என்றார். வெளியே அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். அதனால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் என் கேள்விகள் இரண்டும் நான் எழும்புகிறவரை தலைமாட்டிலேயே காத்திருந்தன. நன்றாகத் தூங்கினதில் உடம்பில் பலம் வேறு கூடியிருந்தது. இன்னொரு கோப்பை போயிற்று.

மூன்றாவதாகத்தான் கவுன்சலிங் கொடுக்கிற ஒரு உளவளத்துணை நிலையம். டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. வாசலில் மூன்று மொழியிலும் பலகை. உளவளத்துணை என்று தமிழில் கொழுகொழுவென்று எழுதியிருந்தார்கள். அதை எழுதின ஆள் பலகையை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் போலிருக்கிறது. உள்ளே தமிழ் தெரிந்த ஒரு ஜீவன் இல்லை. இருந்தது ஒரு சிங்கள மிஸ், என்னைவிட வயதில் சின்னவள், கண்டிச் சேலை கட்டியிருந்தாள். மேசையில் ஒரு பூச்சாடியும் டிஷூப் பெட்டியும் வைத்திருந்தாள். பெட்டியிலிருந்து ஒரு தாள் தலையை நீட்டிக்கொண்டு, அழேன், அழேன் என்று என்னைப் பார்த்தது. இங்கே அழுவதில்லை என்று அப்போதே பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மிஸ் சிரித்த முகத்தோடு நீளமாகப் பேசினாள். மூன்று விதமாகச் செய்யலாமாம். நான் தனியாக வந்து பேசலாம். புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து பேசலாம். சனிக்கிழமைகளில் பெண்கள் மட்டும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற கூட்டமும் இருக்கிறதாம். எது பொருத்தம் என்று நானே யோசித்துத் தெரிவு செய்ய வேண்டுமாம். இவ்வளவும் எனக்கு அரைகுறையாக விளங்கியது. இவர் அதை எனக்குத் தமிழில் சொன்னபோது மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மூணு விதமா இருக்காம். எதுன்னாலும் ஒண்ணுதானாம்."

மாதக்கணக்குக்குப் பிறகு இவர் என்னிடம் நேரே பேசின முதல் பேச்சு இது. அதுவும் பொய்.

தனியாக, என்றேன். தனியாக என்றால் நான் எந்த மொழியில் பேசுவேன் என்று மிஸ் கேட்டாள். தமிழில். அப்படியானால் மொழிபெயர்க்க ஒருவர் வேண்டுமே என்றாள். யார் இருக்கிறார்கள்? இவர்தான். ஆக, நான் தனியாகப் பேசினாலும் இவர் இருப்பார், இரண்டு பேராகப் பேசினாலும் இவர் இருப்பார், பெண்கள் கூட்டத்துக்குப் போனால் வாசலில் நின்று இவர்தான் எனக்காகக் கத்த வேண்டும். புருஷனைப் பற்றி முறையிட அந்தப் புருஷனையே வாயாக வைத்துக்கொண்டு போனோம். இதைவிடக் கோமாளித்தனம் உண்டா? அந்த அறையில் இருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மிஸ்ஸிடம் வந்த தமிழ்ப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வந்தார்களாம். எங்களுக்கும் ஆபீஸ் என்றால் அதுதான் வழக்கம்.

வியாழக்கிழமைதோறும் போனோம். முதலில் நான் சொன்னது, இவர் என்னோடு பேசுவதில்லை என்று. இவர் மிஸ்ஸிடம், எனக்குத் தூக்கம் இல்லை என்றார். தூக்கத்துக்குச் சிங்களத்தில் என்னவென்று எனக்குத் தெரியாதா? அடுத்த தரம், வீட்டில் என்னை ஒரு மனுஷியாக யாரும் மதிப்பதில்லை என்றேன். இவர் மிஸ்ஸிடம், எனக்குத் தலைவலி என்றார். மிஸ் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டாள். மூச்சை எப்படி மெதுவாக இழுத்து மெதுவாக விடுவது என்று காட்டித் தந்தாள். நானும் இழுத்து விட்டேன். மனிதர் என் பேச்சின் கழுத்தைக் கண்ணெதிரே நெரிக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்கிறேன். இத்தனை திமிர் பிடித்த ஆளையா கட்டிக்கொண்டேன் என்று வயிறு எரிந்தது.

அதற்கடுத்த வியாழக்கிழமை சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"புள்ள எப்புடி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லணும். எங்க வச்சாங்கன்னு சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்."

இவர் மிஸ்ஸிடம், மாத்திரை கூடிப்போய் அடிக்கடி மயக்கம் வருகிறதாம் என்றார்.

நான் மிஸ்ஸைப் பார்த்து, "மிஸ், மெயா பொரு கியனவா" என்றேன். இவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். பழைய மீனைப் புதுசு என்று தலையில் கட்டப் பார்க்கிறவனிடம் சந்தையில் நான் வழக்கமாகச் சொல்லுவது. என்னிடம் இருந்த சிங்களத்தில் அதுதான் கூரானது. அதற்கு மேல் சொல் கிடைக்கவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன், வெறும் கையை விரித்துக் காட்டினேன், பிறகு இவரைச் சுட்டிக் காட்டினேன்.

மிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். சிரித்த முகம் போய்விட்டது. உங்கள் மனைவி சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள் என்று இவரிடம் கேட்டாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு என் இரண்டு கேள்விகளையும் சிங்களத்தில் சொன்னார். இந்த முறை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று மிஸ் கேட்டாள்.

இவர் அழத் தொடங்கினார். அழுதுகொண்டே பேசினார். வீட்டில் வாயைத் தைத்து வைத்திருந்த மனுஷன் அங்கே நிறுத்தவே இல்லை. பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தது, தலை நிறைய முடி இருந்தது, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது, வழியெல்லாம் மழை பெய்தது. எல்லாச் சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் தலை, முடி, மடி, மழை எல்லாம் பஸ்ஸிலும் சந்தையிலும் புழங்குகிற பேச்சு, அவை விளங்கின. நடுவில் இவர் கையை நீட்டி அந்தப் பெட்டியிலிருந்து தாளை உருவி மூக்கைச் சிந்தினார். நான் தொட மாட்டேன் என்றிருந்த பெட்டி. ஒரு தாள் அல்ல, கை நிறைய எடுத்தார்.

இந்த இடத்தில் என் மனம் இளகியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். இளகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பெற்ற பிள்ளையின் தலைமுடியைப் பற்றி எனக்குச் சொல்லாதவர், நேற்றுத் தெரிந்த ஒருத்திக்குச் சொல்லுகிறார், அவளும் கண் கலங்குகிறாள். மிஸ் என் கையைப் பிடித்து இவர் கையின் மேல் வைக்கப் பார்த்தாள். அவள் படித்த பாடத்தில் அப்படி இருந்திருக்கலாம். நான் கையை இழுத்துக்கொண்டேன். புறப்படும்போது, அடுத்த வியாழக்கிழமை இவர் மட்டும் தனியாக வரட்டும் என்றாள். இவருக்கு மொழிபெயர்க்க ஆள் தேவையில்லையே.

திரும்பும்போது நாங்கள் பஸ் ஏறவில்லை. இவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். மஹய்யா மயானத்துச் சுவர் வந்ததும் இவர் நின்றார். சந்தைக்குப் போகும்போதும் வரும்போதும் நான் கடந்து போகிற சுவர் அது. மரக்கறிப் பையைக் கை மாற்றிக்கொள்ள அதில் எத்தனையோ தரம் சாய்ந்து நின்றிருக்கிறேன். இவர் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த மிஸ்கிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"ஒனக்குத்தான் வெளங்கிருச்சே."

"அது அவளுக்குச் சொன்னது. எனக்குச் சொல்லுங்க."

அப்போதுதான் காரணம் வெளியே வந்தது. பிள்ளையைப் பார்க்காத தாயிடம் அதன் முகத்தைச் சொன்னால் அடுத்த பிள்ளை தங்காதாம். இவர் மயானத்திலிருந்து வந்து கை கால் கழுவும் முன்பே இவருடைய அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அதன் பிறகு என்னைக் கண்டால் வேறு எந்தப் பேச்சும் வராமல் அதுவே நாக்குக்கு வந்து நின்றதாம். அதனால் வாயையே திறக்காமல் இருந்துவிட்டாராம். மிஸ்ஸிடம் சொல்லக் கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

சீமெந்து மூட்டையைத் தனியாளாகத் தூக்குகிற மனுஷன். அம்மாவின் ஒரு பேச்சைக் கீழே போடத் தெரியவில்லை. என்னைப் பைத்தியக்காரியாக்கிச் சாமியிடமும் டொக்டரிடமும் இழுத்துக்கொண்டு அலைந்தபோது, காரணம் தெரிந்த ஒரே ஆள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். இதையெல்லாம் அந்தச் சுவரோரம் நின்று ஒன்று விடாமல் சொன்னேன். வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். நான் ஓய்ந்த பிறகு, இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார்.

"தல நெறைய முடி. நெத்தி ஒன்ன மாதிரி."

"அப்பறம்?"

சொன்னார். மீதியையும் சொன்னார். நான் நின்று கேட்டேன், அழுதேன். துடைக்கச் சேலைத் தலைப்பு இருந்தது. இவரை நான் தேற்றவில்லை.

வீட்டுக்குப் போனபோது மாமியார் முன்னறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வழக்கம்போல என்னைத் தாண்டி மகனைப் பார்த்தார்.

"இவளுக்கு இப்ப எப்புடியாம்? அந்த எடம் சரிவருதா? இல்லாட்டி வேற ஒரு எடம் கேள்விப்பட்டேன்."

"அவகிட்டயே கேளுங்கம்மா" என்றார் இவர்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். என்னிடம் நேரே எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான்தான் கேட்டேன்.

"தல நெறைய முடியாமே, அத்த. நீங்களும் பாத்தீங்கதானே?"

கீரை அவர் மடியில் அப்படியே கிடந்தது. அவர் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தார். நான் அவருக்கு நேர் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு வழியை மறித்து உட்கார்ந்துகொண்டேன். எனக்கு எந்த வைத்தியம் என்ற பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை.